சங்க மண்டபத்தில் உலகத் திரைப்படம்

(ஆண்டு விழாவில் நமது சங்கத்தின் திரைப்பட வட்டத்தின் சார்பில் படிக்கப்பட்ட உரை)



குழந்தைகளின் நடனத்திற்கும் பெரியவர்களின் நாடகத்திற்கும் நடுவே எங்களுக்குப் பதினைந்து நிமிஷம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நாடகத்தார் வேஷம் போட்டுக்கொள்ள நேரம் வேண்டும் என்பதாலேயே இப்பதினைந்து நிமிஷம் கிடைத்தது என்பதை அறிவோம். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ரயில்வேயில் இருப்பவர்களுக்கு, ஒரு வண்டி வருவதற்குள் இன்னொரு வண்டியை அனுப்பிவிடுவது பழக்கமான காரியந்தானே!

நாங்கள் என்று சொல்லும்போது ஐந்து பேரைச் சொல்கிறோம். பார்சல் ஆபீசில் இருவர், ஒர்க்‌ஷாப்பில் ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், ஓய்வு பெற்ற கார்டு ஒருவர். எங்களில் எவரும் கலைக்கல்லூரியில் சினிமாவைப் பாடமாகப் பயின்றவர் அல்லர். இந்த உரையை எழுதிய கை, பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, வே பில் எழுதிப் பழகிய கை. ஆகவே சொற்பிழை பொருட்பிழைகளைப் பொறுத்தருள வேண்டும்.

சென்ற பொதுக்குழுவில் எங்கள் வட்டத்தைப் பற்றி இரண்டு கருத்துகள் எழுந்தன. மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை மாலையில் மண்டபத்தை எங்களுக்கு இலவசமாக விடுவதைக் காட்டிலும், வரவேற்பு, பிறந்தநாள் விழா போன்றவற்றிற்கு வாடகைக்கு விட்டால் கூரையைப் பழுது பார்க்கப் பணம் சேருமே என்பது ஒன்று. ஜப்பான் படமும் இத்தாலிப் படமும் நம் காலனித் தமிழ்க் குடும்பங்களுக்கு எதற்கு, படம் காட்டுவதானால் தமிழ்ப் படமே காட்டலாமே, குழந்தைகள் தமிழாவது கற்பார்களே என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. கூரை ஒழுகுவது எங்களுக்கும் தெரியும்; சென்ற ஆவணி மாதக் காட்சியில் ஒரு குடத்தை வைத்துக்கொண்டுதான் படம் காட்டினோம். முடிவு அடுத்த மாதப் பொதுக்குழுவில் எடுக்கப்படவிருக்கிறது. அதற்கு முன், இந்த மண்டபத்தில் என்ன நடந்தது என்பதை வாராதிருந்தவர்களுக்கும் சொல்லிவிடுவது எங்கள் கடமை.

முதலில் ஒரு பழைய செய்தி. சலனப்படம் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது 1896 ஜூலை 7ஆம் நாள், பம்பாய் வாட்சன் ஓட்டலில். லூமியேர் சகோதரர்களின் அந்தச் சிறு படங்களில் ஒன்று, ஒரு ஸ்டேஷனுக்குள் ரயில் வண்டி வந்து நிற்பது. சினிமாவும் ரயிலும் பிறவியிலேயே உறவு என்று நாங்கள் பெருமை பேசிக்கொள்வது இதனால்தான். தமிழ்நாட்டுக்குச் சினிமாவை ஊர் ஊராகக் கொண்டு சென்றவரும் நம் வகுப்பார் ஒருவரே. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் சிறு உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், 1905ஆம் ஆண்டில், ஊர் சுற்றிப் படம் காட்டிவந்த தூபோன் என்னும் பிரெஞ்சுக்காரர் நோயுற்றுத் தாயகம் திரும்ப நினைத்தபோது, அவருடைய இயந்திரத்தையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார், வேலையை விட்டார், கூடாரம் அடித்துப் படம் காட்டப் புறப்பட்டார். பின்னாளில் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் கொட்டகையைக் கட்டியவரும் அவரே. அவர் அன்று காட்டியவை யாவும் அயல்நாட்டுப் படங்களே. அயல்நாட்டுப் படம் தமிழனுக்கு எதற்கு என்று அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நாங்கள் எவரும் வேலையை விடப்போவதில்லை, வீட்டில் விடமாட்டார்கள்.

நாம் வாழும் இந்த வங்க நாட்டிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. நாடு விடுதலை பெற்ற அதே 1947ஆம் ஆண்டில், சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலிய இளைஞர்கள் கூடிக் கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார்கள். ராய் அப்போது ஒரு விளம்பரக் கம்பெனியில் படம் வரையும் ஊழியர், மாதச் சம்பளக்காரர். நல்ல படங்களைத் தேடிப் பிடித்துப் பார்ப்பதும் பேசுவதும் தவிர அவர்களுக்கு வேறு நோக்கமில்லை. 1959இல் கல்கத்தா, டில்லி, பம்பாய், சென்னை, பாட்னா, ரூர்க்கி முதலிய இடங்களின் சொசைட்டிகள் ஒன்று கூடி ஒரு சம்மேளனம் ஆயின. ராய் அதன் தலைவரானார். 1964இல் பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டபின் பழைய படங்கள் கிடைப்பது எளிதாயிற்று. அந்நாளில் படம் என்றால் தகரப் பெட்டி. பெட்டி என்றால் ரயில். பிரேக் வானில் ஏற்றி, வே பில் போட்டு, ஊருக்கு ஊர் அனுப்பினார்கள். ஒரு பெட்டி வழி தவறினால் ஒரு ஊரில் காட்சி நின்றது. எங்கள் ஆபீசில் எங்களுக்கு முன் இருந்த பெரியவர்கள் இப்பெட்டிகளைத் தூக்கியவர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு வாய்க்கவில்லை. இப்போதோ முழுப் படமும் தீப்பெட்டி அளவுள்ள ஒரு பொருளுக்குள் அடங்கிச் சட்டைப்பையில் வந்துவிடுகிறது. காட்டுவதற்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுவதுதான் பெருவேலை. கேட்டுக் கேட்டு எங்களில் ஒருவருக்கு ஆங்கிலமே நன்றாக வந்துவிட்டது.

இனி எங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்கத்தா சொசைட்டி முதன்முதலில் காட்டியது ஐசன்ஸ்டைன் 1925இல் எடுத்த ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ என்னும் ருஷ்ய மௌனப் படம் என்று படித்திருந்தோம். ஆகவே நாங்களும் அதையே முதலில் காட்டினோம். அன்று நாற்காலிகள் போதாமல் பெஞ்சி இரவல் வாங்கினோம். படத்திற்கு முன் நாற்பது நிமிஷம் சொற்பொழிவு ஆற்றினோம். காட்சிகளை வெட்டி ஒட்டும் முறையைப் பற்றி, எங்களுக்கே அரைகுறையாய்ப் புரிந்தவற்றை, புத்தகத்திலிருந்து குறிப்பெடுத்து வாசித்தோம். ஒடெஸ்ஸா நகரத்துப் படிக்கட்டில் சிப்பாய்கள் சுட்டுக்கொண்டே இறங்க, தாய் விழ, குழந்தையிருக்கும் தள்ளுவண்டி தானே படிகளில் உருண்டோடும் கட்டம் வந்ததும் முன்வரிசைக் குழந்தைகள் வீறிட்டு அழுதன. தாய்மார் பலர் எழுந்து போனார்கள். அடுத்த மாதம் பெஞ்சி தேவைப்படவில்லை. அதற்கடுத்த மாதம் எங்கள் ஐவரையும் சேர்த்துப் பதினொருவர்.

படத்தின் மேலன்று குற்றம், பரிமாறியவர்கள் மேல். பந்தியில் உட்கார்ந்தவுடன் ஊறுகாயை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அதன் பெருமையைப் பேசினால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்?

மொழியும் ஒரு தடை. படத்தின் அடியில் ஆங்கில எழுத்து ஓடும். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே அது ஓட்டமாக ஓடும். தெரியாத தாய்மாருக்கும், ஓய்வு பெற்ற கேங்மேன், பாயிண்ட்ஸ்மேன் குடும்பத்தாருக்கும் அது வெறும் கோடு. இதற்கு வழி சொன்னவர் எங்கள் கார்டு ஐயா. ஊமைப்படக் காலத்தில் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் திரைக்கு அருகே ஒருவர் நின்று கதையை விளக்கிச் சொல்வதுண்டு என்று அவர் தம் பாட்டனார் வாயிலாகக் கேட்டிருந்தார். ஜப்பானிலும் அப்படிச் சொல்வோர் இருந்தனர். பென்ஷி என்று அவர்களுக்குப் பெயர். நடிகர்களைக் காட்டிலும் புகழ் பெற்ற பென்ஷிகள் இருந்தார்களாம். அன்று முதல், படம் வருவதற்கு முந்திய இரண்டு வாரம் ஆசிரியை அம்மாள் வசனங்களைத் தமிழில் எழுதித் தருவதும், கார்டு ஐயா திரையருகே ஸ்டூல் போட்டு அமர்ந்து டார்ச் வெளிச்சத்தில் அவற்றை வாசிப்பதும் வழக்கமாயிற்று. பிளாட்பாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கேட்குமாறு கூவிப் பழகிய குரல்! ஒலிபெருக்கியே வேண்டியதில்லை. எங்கள் சொற்பொழிவையும் ஐந்து நிமிஷமாகச் சுருக்கி, படத்திற்குப் பின்னால் வைத்துக்கொண்டோம். பின்னால் வைத்ததும் நாங்கள் பேசுவது குறைந்து மற்றவர்கள் பேசுவது மிகுந்தது.

அவ்வாறு காட்டிய முதல் படம், விட்டோரியோ டி சிகா 1948இல் இத்தாலியில் எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’. போர் முடிந்த ரோமாபுரி. வேலையில்லாத் திண்டாட்டம். சுவரில் விளம்பரத் தாள் ஒட்டும் வேலை ஒருவனுக்குக் கிடைக்கிறது. ஆனால் சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகுக் கடையில். மனைவி கட்டிலிலிருந்து படுக்கை விரிப்புகளை உருவி மூட்டை கட்டுகிறாள். அவற்றை அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறார்கள். அடகுக் கடைச் சிப்பந்தி அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு உயரமான அலமாரியில் ஏறுகிறான், ஏறுகிறான், ஏறிக்கொண்டே இருக்கிறான். அவ்வளவு உயரத்திற்கும் அடுக்கடுக்காய் ஊராருடைய விரிப்பு மூட்டைகள்! அந்த இடத்தில் கார்டு ஐயா படிக்க ஒரு சொல்லும் இல்லை. முன்வரிசையில் தாய்மார் ‘த்சொ’ என்று ஒலித்தது மட்டும் கேட்டது. அண்டாவும் குடமும் அடகுக்குப் போய்த் திரும்பாத வீடுகளில் பிறந்தவர்கள் நம்மில் பலர்.

முதல் நாள் வேலையிலேயே, ஏணி மேல் நின்று ரீட்டா ஹேவொர்த் என்னும் அமெரிக்க நட்சத்திரத்தின் பெரிய படத்தை அவன் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, சைக்கிள் திருட்டுப் போகிறது. மறுநாள் தன் சிறு மகனை அழைத்துக்கொண்டு ஊரெங்கும் தேடுகிறான். கிடைக்கவில்லை. கடைசியில் மனமுடைந்து, தானே ஒரு சைக்கிளைத் திருடத் துணிந்து, பிடிபடுகிறான். கூட்டம் அவனை அடிக்கிறது. மகன் பார்த்து நிற்கிறான். சைக்கிளுக்கு உடையவன் அச்சிறுவனைப் பார்த்துவிட்டு, போகட்டும் என்று விட்டுவிடுகிறான். தந்தையும் மகனும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போகிறார்கள். மகன் தந்தையின் கையைப் பற்றிக்கொள்கிறான். படம் முடிந்தது.

இதில் தந்தையாக நடித்தவர் நடிகர் அல்லர். தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர். ஹாலிவுட் முதலாளி ஒருவர் பெயர் பெற்ற நட்சத்திரமான கேரி கிராண்டைப் போட்டால் பணம் தருவதாகச் சொல்லியும் டி சிகா மறுத்துவிட்டார். இந்தச் செய்திகளையெல்லாம் நாங்கள் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்து, யாரேனும் பேச விரும்பினால் பேசலாம் என்றோம். காலஞ்சென்ற கேங்மேன் ஒருவரின் மனைவியார், எழுத்து வாசனையே அறியாதவர், இருந்த இடத்திலிருந்தே கேட்டார்: “தம்பி, அப்பனை அடிச்சு இழுத்துக்கிட்டுப் போறப்ப கீழே விழுந்த தொப்பியை அந்தப் புள்ள எடுத்துத் தட்டித் தட்டித் துடைச்சானே, அதைப் பாத்தீங்களா?”

நாங்கள் அந்தப் படத்தை அதற்குமுன் மூன்று முறை பார்த்திருக்கிறோம். அதைப் பற்றிய கட்டுரைகளையும் படித்திருக்கிறோம். தொப்பியைப் பார்க்கவில்லை. அன்றிரவே திரும்பப் போட்டுப் பார்த்தோம். இருந்தது. அழுதுகொண்டே துடைக்கிறான்.

சத்யஜித் ராய் இப்படத்தை 1950இல், கம்பெனி வேலையாக லண்டன் சென்றிருந்தபோது பார்த்தார். அங்கே சில மாதங்களில் நூறு படங்கள் அளவிற்குப் பார்த்தார் என்பர். எனினும் இந்த ஒன்றுதான் அவரை உலுக்கியது. நட்சத்திரமின்றி, தெருவிலும் வெயிலிலும் மழையிலும் படமெடுக்கலாம் என்ற துணிவோடு அவர் கல்கத்தா திரும்பினார்.

நிற்க. தமிழ்ப் படம் காட்டலாமே என்ற அன்பர்களுக்கு விடை சொல்ல வேண்டும். காட்டியிருக்கிறோம். ஆனால் எப்படிக் காட்டினோம் என்பதைக் கேட்க வேண்டுகிறோம். 1952இல் இந்தியாவின் முதல் உலகத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கி, டில்லி, சென்னை, கல்கத்தா நகரங்களுக்கும் சென்றது. அதில் காட்டப்பட்ட படங்களில் ஒன்று ஜப்பானியர் அகிரா குரோசாவாவின் ‘ராஷோமான்’. ஒரு காட்டில் ஒரு கொலை. கண்டவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். வீணை எஸ். பாலசந்தர் விழாவில் இப்படத்தைப் பார்த்தார். அதன் தூண்டுதலால் உருவானதே 1954இல் ஏவி.எம். வெளியிட்ட ‘அந்த நாள்’. பாட்டில்லை, நடனமில்லை; அக்காலத் தமிழ்ப் படத்தில் அது கேள்விப்படாத துணிச்சல். சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறார்; பின்பு ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் வேறு வேறு மனிதராக உயிர் பெறுகிறார்.

நாங்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்த மாதங்களில் காட்டினோம். முதலில் ஜப்பான் படம், பிறகு நம் படம். பெரியவர்கள் கூட்டம் திரண்டது. ‘அந்த நாள்’ முடிந்ததும் எழுந்த விவாதம் இரவு பத்தரை மணி வரை நீடித்தது. நம் படத்தில் கொலை செய்தவர் யார் என்பது கடைசியில் தெரிந்துவிடுகிறது. குரோசாவா அதைத் தெரியவிடவில்லை. எது மேல்? ஓய்வு பெற்ற டிராபிக் இன்ஸ்பெக்டர் ஒருவர் ஜப்பான் படத்தின் கட்சி. “முப்பது வருஷம் விபத்து விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். டிரைவர் சிக்னல் பச்சை என்பான், கார்டு பார்க்கவில்லை என்பான், கேபின்மேன் சிவப்பு என்று சத்தியம் செய்வான். யாரும் பொய் சொல்ல வந்தவன் இல்லை. அவனவனுக்கு அவனவன் வேலையும் மானமும் இருக்கிறது. ரிப்போர்ட்டில் ஒன்றை எழுதித்தான் தீரவேண்டும், எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினதில்லை” என்றார். அவர் இவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை; அவர் மருமகளும் கேட்டதில்லையாம். எங்களில் மூவர் இன்னும் ‘அந்த நாள்’ கட்சிதான். முடிவு தெரியாமல் வீட்டுக்குப் போவது எங்களுக்கு ஒவ்வாது.

மற்றும் சில படங்கள் காட்டினோம். சாப்ளின் படத்திற்கு விளக்கமே வேண்டியிருக்கவில்லை. ஸ்வீடன் நாட்டுப் படம் ஒன்று எவருக்கும் பிடிக்கவில்லை. எங்களுக்கும் பிடிக்கவில்லை என்பதை ஓராண்டு கழித்து ஒருவருக்கொருவர் ஒப்புக்கொண்டோம்.

இனிச் சொல்லப்போவது ‘டோக்கியோ கதை’ பற்றியது. யசுஜிரோ ஓசு 1953இல் எடுத்தது. இதைச் சொல்வதற்கு எங்களில் ஒருவரிடம் முன்னரே அனுமதி பெற்றோம்.

கதை சிறிது. ஓனோமிச்சி என்னும் கடற்கரைச் சிற்றூரிலிருந்து வயது முதிர்ந்த கணவனும் மனைவியும் நெடுந்தூரம் ரயிலேறிப் பிள்ளைகளைக் காண டோக்கியோ வருகிறார்கள். மூத்த மகன் டாக்டர். மகள் பெண்களுக்குக் கூந்தல் அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். இருவரும் கெட்டவர்கள் அல்லர், வேலை மிகுந்தவர்கள். வீடு சிறியது, நேரம் குறைவு. பெற்றோரை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் செலவு செய்து ஒரு வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். போரில் மாண்ட மகனுடைய விதவை மனைவி ஒருத்திதான், ஆபீசுக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். ஒற்றை அறையில் குடியிருந்தும், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிவந்து உபசரிக்கிறாள். அக்கட்டத்தில் மண்டபத்தில் சிரிப்பலை எழுந்தது. எதிர் குவார்ட்டர்ஸில் காப்பிப்பொடி இரவல் வாங்காத வீடு நம் காலனியில் ஏது?

ஊர் திரும்பியதும் தாய் நோயுற்று இறந்துவிடுகிறாள். பிள்ளைகளுக்குத் தந்தி போகிறது. எல்லோரும் வந்து சேர்கிறார்கள், ஒருவனைத் தவிர. அவன் இளைய மகன். ஓசாக்காவில் இருப்பவன். மற்றெல்லாரிலும் ஊருக்கு அருகில் இருப்பவனும் அவனே. வேலையாக வெளியூர் போயிருந்ததால் தாமதமாக வருகிறான். வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. அவனுக்கு என்ன உத்தியோகம் தெரியுமா? ரயில்வே.

கார்டு ஐயா அந்த வசனத்தை வாசிக்கும்போது அவர் குரல் சற்றுத் தடைப்பட்டது. ஈமச் சடங்கில் மரத்தாளம் தட்டி மந்திரம் ஓதுகிறார்கள். அவ்வொலியைத் தாங்கமாட்டாமல் அந்த ரயில்வே மகன் எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறான். ஒவ்வொரு தட்டுக்கும் அம்மா சிறுத்துக்கொண்டே போவதுபோல் இருக்கிறது என்கிறான்.

அன்று படக்கருவியை இயக்கியவர் எங்களில் ஒருவர். மூன்றாண்டுகளுக்கு முன் அவர் தாயார் கும்பகோணத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் காலமானார். செய்தி வந்தபோது அவர் இரவு டூட்டியில் இருந்தார். லீவு தாமதமின்றிக் கிடைத்தது. பாஸ் கையில் இருந்தது. சென்னை மெயில் கரக்பூருக்கு வரும் நேரம் அவருக்கு மனப்பாடம். அந்த வண்டிக்கு எத்தனையோ ஆயிரம் பார்சலை ஏற்றி அனுப்பியிருக்கிறார். ஆயினும் ஒரு பகல் காத்திருந்து, ஓர் இரவும் ஒரு பகலும் பயணம் செய்து, சென்னையில் வண்டி மாறி, ஊர்போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் நாள். அதுவரை வைத்திருக்க முடியாது என்று தம்பி கொள்ளி வைத்துவிட்டார். ஒருவர் மேலும் குற்றமில்லை. இதை அவர் அதுவரை எங்களிடம் ஒரு சொல் சொன்னதில்லை. ஊர் போனேன், வந்தேன் என்றுதான் சொல்லியிருந்தார். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கே தெரியாது.

படம் முடிந்தும் விளக்கைப் போடுவதற்கு அவர் எழவில்லை. வெண்திரையில் வெறும் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. எவரும் எழவில்லை. சற்று நேரம் சென்றபின் அவரே, இருட்டிலேயே, தமக்கு நேர்ந்ததைச் சொன்னார். பிறகு மற்றொருவர் தமக்கு நேர்ந்ததைச் சொன்னார். இங்கிருந்து திருநெல்வேலிக்கும் தஞ்சைக்கும் வேலூருக்கும் உள்ள தூரத்தை மைல் கணக்கில் அறிந்தவர்கள்தாம் நாம் அனைவரும். ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று பெயர் பெற்றிருந்த நம் பிளாட்பாரத்தில், ஜன்னல் வழியே கையசைத்த பெற்றோரை வண்டி மறையும்வரை பார்த்து நின்றவர்கள். மருமக்களாக இங்கு வந்த பெண்கள் தங்கள் தாய்வீட்டுத் துக்கத்துக்குப் போக இயலாதுபோனதைச் சொன்னபோது, அவர்கள் கணவன்மார் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அன்று சொற்பொழிவு இல்லை. அந்த மாதத்திலேயே நான்கு குடும்பத்தார் ஊருக்கு டிக்கெட் எடுத்தார்கள் என்பது, அவ்விவரம் எளிதில் தெரியும் இடத்தில் நாங்கள் இருப்பதால் தெரிந்தது.

இப்படத்தை இப்போது அவரவர் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாம், மண்டபம் எதற்கு என்று ஓர் இளைஞர் கேட்டார். பார்க்கலாம். நம் நண்பரும் அதற்குமுன் ஒருமுறை தனியாகப் பார்த்திருக்கிறாராம். பாதியில் நிறுத்திவிட்டு வேறு ஏதோ பார்க்கத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார்.

வாடகை விஷயத்திற்கு வருகிறோம். மூன்றாம் சனிக்கிழமையில் கல்யாண வரவேற்பு ஏதேனும் பேசப்பட்டால், இரண்டு வாரம் முன்னதாக அறிவித்தால் போதும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிக்கொள்கிறோம், அல்லது பின்பக்கத் தாழ்வாரத்தில் வேஷ்டி கட்டிக் காட்டிக்கொள்கிறோம். கொசுவைப் பற்றி மட்டும் எங்களைக் குறை சொல்லக்கூடாது. கூரைக்காக ஓர் உண்டியல் வாயிலில் வைக்கவும் சித்தமாயிருக்கிறோம். காட்சிக்குக் கட்டணம் என்று மட்டும் வைக்க வேண்டாம் என்பது எங்கள் வேண்டுகோள்; வைத்தால் தொப்பியைப் பார்த்த அந்த அம்மாள் வரமாட்டார்.

அடுத்த மாதக் காட்சி ‘பதேர் பாஞ்சாலி’. 1955இல் வெளிவந்தது. இதன் முதல்நாள் படப்பிடிப்பு 1952 அக்டோபரில், இங்கிருந்து அதிக தூரமில்லாத பர்த்வானுக்கு அருகே பால்சிட்டில் நடந்தது. அக்காளும் தம்பியும் வெண்ணாணல் பூத்த வெளியில் ஓடி முதன்முதலாக ரயிலைக் காணும் கட்டம். ஒரு நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், பூவையெல்லாம் மாடு மேய்ந்துவிட்டிருந்தது. மறுபடி பூக்கும்வரை ஓராண்டு காத்திருந்தார்கள். திரையில் நாம் காண்பது ஒரே ரயில். உண்மையில் மூன்று வண்டிகளை வைத்து எடுத்தது. சரியான இடத்தில் கரும்புகை வரவேண்டும் என்பதற்காக, குழுவினரில் ஒருவரை எஞ்சினில் ஏற்றி, டிரைவரிடம் சொல்லி நிலக்கரி அள்ளிப் போடச் செய்தார்கள். கைப்பணம் தீர்ந்து ராயின் மனைவியாரின் நகைகளும் அடகுக்குப் போனபின், மேற்கு வங்க அரசு பணம் கொடுத்து உதவியது. படத்தின் பெயர் ‘பாதையின் பாட்டு’ என்றிருந்ததால், அத்தொகை சாலை அபிவிருத்திக் கணக்கில் எழுதப்பட்டது என்று சொல்வார்கள். கணக்குப் பிரிவு நண்பர்கள் இதை ரசிப்பார்கள் என நம்புகிறோம். மூலப் படச்சுருள் 1993இல் லண்டனில் ஏற்பட்ட தீவிபத்தில் கருகிற்று. எஞ்சியதையும் வேறிடங்களில் இருந்த பிரதிகளையும் கொண்டு அரும்பாடுபட்டுப் புதுப்பித்து 2015இல் மீண்டும் வெளியிட்டார்கள். அந்தப் புதுப்பித்த படத்தையே நாம் பார்க்கப்போகிறோம்.

இது வங்காளிப் படம் ஆதலால், பக்கத்து குவார்ட்டர்ஸ் வங்காளி அன்பர்களையும் அழைத்திருக்கிறோம். தமிழ் விளக்கத்திற்கு அவர்கள் ஆட்சேபம் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பெரியம்மா ஒருவர், கார்டு ஐயாவுக்கு வங்காளி உச்சரிப்புச் சொல்லித்தர முன்வந்திருக்கிறார். காட்சி சரியாக ஆறரை மணிக்குத் தொடங்கும். நம் வண்டிகளைப்போல் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்; உண்மையாகவே ஆறரை மணி. குழந்தைகள் முன்வரிசையில் பாய் விரித்து உட்காரலாம். கூரை ஒழுகும் இடத்தில் சுண்ணாம்பினால் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். அவ்விடத்தில் நாற்காலி போட வேண்டாம்.

நாடகக் குழுவினர் தயாராகிவிட்டதாகத் திரைக்குப் பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். லைன் கிளியர் ஆகிவிட்டது.